கல்லடியில் மைனஸ் 91

போன ஆடியில் ஒரு நாள், கச்சான் காற்று அள்ளி எறிந்த மணல் பல்லில் நறநறத்துக்கொண்டிருந்த பகல் பதினொரு மணிக்கு, கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற ஆட்டோவின் என்ஜின் சூட்டை நான் அளந்தேன். மைனஸ் 91 பாகை செல்சியஸ் காட்டியது.

பூமியில் ஒரு நிலையத்தில் கருவி வைத்து அளந்து பதிந்த ஆகக் குறைந்த காற்று வெப்பநிலை மைனஸ் 89.2. அந்தாட்டிக்காவில் வொஸ்தொக் என்ற சோவியத் ஆய்வு நிலையத்தில், 1983 யூலை 21ஆம் திகதி. நாற்பது வருடமாக அசையாமல் இருந்த அந்தச் சாதனையை, பக்கத்து வீட்டுக்காரர் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுப் பனையோலை விசிறியோடு மாமர நிழலில் குந்தியிருந்த நேரத்தில், என் மூன்று சில்லு வண்டி கிட்டத்தட்ட இரண்டு பாகையால் முறியடித்திருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள என்ஜின்மேல் ஒரு விரலை வைத்தேன். கொப்புளம் ஆற ஒன்பது நாள் எடுத்தது.

இவ்வளவுக்கும் காரணம் கனடாவில் உள்ள ஓர் ஆகாய விமானம்.

என் அக்காவின் மகன் ரொறொன்ரோப் பக்கம் இருக்கிறான். இங்கே படிக்கும்போது சைக்கிளில் காற்று அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவான். அங்கே போய் விமானம் ஓட்டப் படித்து, மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய செஸ்னா 172 வாங்கிவிட்டான். செஸ்னா 172 என்பது விமானங்களுக்குள் எங்கள் ஊர் லுமாலா சைக்கிள் மாதிரி. 1956 தொடக்கம் இன்றுவரை நாற்பத்து நாலாயிரத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். உலகில் வேறெந்த விமானத்தையும் இத்தனை செய்ததில்லை. இவனுடையது 1970களில் பிறந்தது, அவனுக்கு மூத்தது. லைக்கோமிங் என்ஜின், 150 குதிரை வலு, நாலு சிலிண்டர். பங்காளிகளும் நாலு பேர். ஆளுக்கொரு சிலிண்டர் என்று பிரித்திருப்பார்களாக்கும் என்றேன். சிரிக்கவில்லை.

அவன் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. வட்ஸ்அப்பில் பேசும்போது, "மாமா, என்ஜின் சூடு பாக்கிற மொனிற்றர் ஒண்டு போடவேணும், மலிவா ஒண்டு தேடுறம்" என்று சொன்னான், அவ்வளவுதான். 'மலிவு' என்ற சொல் காதில் விழுந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. முப்பத்தோரு வருடம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து, மூன்று விலைக்கோரல் இல்லாமல் ஒரு பென்சில்கூட வாங்கவிடாத மனிதன் நான். அன்றிரவே ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போட்டு, நெட்டில் தேடி எழுதத் தொடங்கிவிட்டேன்.

விமானத்துறையில் என் அனுபவத்தையும் சொல்லவேண்டும். எங்கள் ஊர் விமான நிலையம் திமிலைத்தீவுப் பக்கம், வாவி ஓரத்தில் இருக்கிறது. 1958இல் திறந்தார்கள். 1983இல் விமானப்படை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நெடுங்காலம், வானத்தில் சத்தம் கேட்டால் நாங்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை, குனிவோம். 2018இல் பொதுமக்களின் விமானங்களுக்குத் திரும்பவும் திறந்தார்கள். இப்போது எப்போதாவது சுற்றுலாக்காரர்களை ஏற்றிய ஒற்றை என்ஜின் செஸ்னா கரவன் ஒன்று தோணிக்காரரின் தலைக்கு மேலால் தாழ்ந்து வந்து இறங்கும். அதை நான் வாவிக்கரையில் நின்று இரண்டு முறை பார்த்திருக்கிறேன். நான் ஏறிய ஆக உயர்ந்த இடம், 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலத்தின் நடுமுதுகு. இந்தத் தகைமைகளோடுதான் கனடாவுக்குப் புத்தி சொல்லப் புறப்பட்டேன்.

கொப்பியில் முதல் எழுதியது, இந்த மொனிற்றர் எதற்கு என்பது. விமானத்தின் இந்த வகை என்ஜினுக்குக் காரில் உள்ளதுபோல் தண்ணீர் ரேடியேற்றர் இல்லை. சிலிண்டரைச் சுற்றி மீன் செதில்போல அலுமினியத் தகடுகள். அதற்குள்ளால் காற்று ஓடித்தான் சூட்டை வாங்கிக்கொண்டு போகவேண்டும். அதாவது என் ஆட்டோவின் என்ஜினும் அதே சாதி. (இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.) பழைய செஸ்னாக்களில் என்ஜின் ஒயிலின் சூட்டுக்கு ஒரு முள் இருக்கும். சிலிண்டர் தலையின் சூட்டுக்கு முள் இருந்தால் அதுவும் ஒன்றே ஒன்று, நாலு சிலிண்டரில் ஏதோ ஒன்றில் மாட்டியிருக்கும். வீட்டில் நாலு பிள்ளைகள் இருக்க, மூத்தவனின் நெற்றியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதுபோல. எந்தப் பிள்ளைக்கு முதலில் காயும் என்று யாருக்குத் தெரியும்? காற்று முன்பக்கச் சிலிண்டருக்கு ஒரு மாதிரியும் பின்பக்கத்துக்கு வேறு மாதிரியும் போகிறது. ஒவ்வொன்றும் குடிக்கும் பெற்றோலும் ஒரே அளவில்லை.

கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாக எழுதினேன். முதலாவது, ஒரே முள், அதற்குக் கீழே ஒரு குமிழ். குமிழை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று திருகினால் அந்தந்தச் சிலிண்டரின் சூட்டை முள் சொல்லும். ஆக மலிவு. இரண்டாவது, நாலு சிலிண்டருக்கும் தலைச்சூடு, புகைச்சூடு என்று எட்டு உணரிகள் பூட்டி, எட்டையும் ஒரே நேரத்தில் தூண் தூணாகத் திரையில் காட்டி, போன மாதத்துப் பறப்பையும் நினைவில் வைத்திருக்கும் பெட்டி. ஜேபிஐ என்ற அமெரிக்கக் கம்பெனியின் இடிஎம்-700 இந்த வகையில் பேர் போனது. பூட்டுக் கூலியோடு ஆயிரக்கணக்கான டொலர். மூன்றாவது, ஏறத்தாழ அதே வேலை செய்யும் பெட்டி, விலை வெகு குறைவு. ஆனால் வீட்டில் சொந்தமாகக் கட்டிய விமானங்களுக்கு மட்டும். தொழிற்சாலையில் பிறந்து சான்றிதழ் பெற்ற விமானத்தில் அதைப் பூட்டக்கூடாது.

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. திரை ஒன்று, வயர் ஒன்று, வேலை ஒன்று. ஒரு கடுதாசிக்காக இவ்வளவு விலை வித்தியாசமா? பிறகு மாமாங்கத் திருவிழா நினைவுக்கு வந்தது. சந்தையில் கிடக்கும் அதே தேங்காய், ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் வாசலில் அர்ச்சனைத் தட்டில் ஏறினால் என்ன விலை போகிறது? நாங்கள் கேள்வி கேட்காமல் கொடுக்கவில்லையா? அங்கேயும் உயிருக்குப் பயந்துதான் கொடுக்கிறோம்.

இன்னொரு விதியும் இருந்தது. புதுப் பெட்டிக்குத் தனியான அனுமதி இல்லாவிட்டால், அதைப் பூட்டினாலும் பழைய முள்ளைக் கழற்றக்கூடாது. சட்டப்படி அந்த முள்தான் தலைவர். ஒருவரும் அதைப் பார்க்கமாட்டார்கள், அது சொல்வதை நம்பவும் மாட்டார்கள், ஆனால் அது இடத்தைவிட்டு அசையக்கூடாது. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சாய்மனைக் கதிரையில் பேசாமல் இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு இந்த வீட்டில் என் பதவியை இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதி நான் கண்டதில்லை.

விலைக்கோரல் முடிவு: முதலாவது வகை. குமிழ். மருமகனுக்கு அறிவித்தேன்.

"மாமா, நான் மூண்டாவதப் பாத்துக்கொண்டிருக்கக்குள்ள முதலாவது எரிஞ்சா?"

"மறுகா முதலாவதப் பாரன்."

மறுபக்கத்தில் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அவன் பொறுமையாக விளங்கப்படுத்தினான். தலைச்சூடு 380 என்றால் நல்லது, 400க்கு மேல் போக விடமாட்டம், கம்பெனி போட்ட எல்லை 500 என்றான். புகைச்சூடு 1,400 என்றான். எனக்குத் திக்கென்றது. அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும் என்று சயன்ஸ் வாத்தியார் பிரம்போடு சொல்லித் தந்திருக்கிறார். "மகன், நீ அந்த விமானத்தில ஏறாத" என்றேன். அவன் சொன்னதெல்லாம் பாரனைற். 400 பாரனைற் என்பது 204 செல்சியஸ். சரி, ஆனால் 1,400 பாரனைற்றைச் செல்சியஸ் ஆக்கினாலும் 760 வருகிறதே, அலுமினியத் தலை உருகாதா?

இதற்கு விடையை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குச் சின்னப் பெருமை உண்டு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிப்பவர்களின் பாதம் ஏன் வேகுவதில்லை? பக்தியை அம்மாளிடம் விட்டுவிடுவோம். பௌதிகத்தில், பாதம் தணலில் நிற்பதில்லை, தொட்டுத் தொட்டுப் போகிறது. புகையும் அப்படித்தான். வெளிவாசல் வால்வு திறக்கும் கணத்தில் மட்டும் கொதிக்கும் காற்று பாய்ந்து ஓடுகிறது. மிச்ச நேரம் தலைக்கு ஆறுதல். ஆகவே 760 என்ற எண்ணைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அந்த எண் நேற்று எவ்வளவாக இருந்தது, பக்கத்துச் சிலிண்டர் எவ்வளவு சொல்கிறது, இதைத்தான் பார்க்கிறார்கள். நாலு தூணும் கூடிக் குறைந்து ஒரு தாளத்தில் போனால் சரி. ஒன்று மட்டும் தாளம் தப்பினால் அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது. இப்படிப் பார்த்தால், தனியாக ஒரே ஒரு எண்ணைச் சொல்லும் என் மலிவுக் குமிழ், பக்கத்து வீடே இல்லாத ஊரில் வம்பு பேசப் போனதுபோல.

அவர்கள் இரண்டாவது வகையைப் பூட்டினார்கள். புகைக்குழாயில் சிலிண்டருக்கு ஒரு துளை போட்டு, ஓட்டுநர் அறைக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள தீச்சுவருக்குள்ளால் வயர்களை இழுத்து, சான்றிதழ் உள்ள பொறியியலாளர் ஒருவர் கையெழுத்துப் போட, கூலி மட்டும் பெட்டியின் விலையை எட்டிப் பிடித்ததாம். எனக்கு நெஞ்சு வலித்தது. கனடாக் காசுதான், ஆனாலும் வலித்தது.

இரண்டாம் கிழமையே ஒரு செய்தி அனுப்பினான். விமான என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். அவற்றுக்கு நெருப்புக் கொடுக்க மக்னீற்றோ என்ற காந்தப் பெட்டியும் இரண்டு. ஓட முதல் ஒரு மக்னீற்றோவை நிறுத்தி மற்றதில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள், மறுபடி மாற்றிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது மூன்றாவது தூண் மட்டும் பொத்தென்று நிலத்துக்கு விழுந்ததாம். அந்தச் சிலிண்டரின் ஒரு பிளக் கரி பிடித்துச் செத்திருந்தது. முன்பென்றால் என்ஜின் கொஞ்சம் உதறுகிறது என்று மட்டும் தெரியும். எந்தப் பிளக் என்று அந்த மக்னீற்றோவின் நாலையும் கழற்றித்தான் பார்க்கவேண்டும். இப்போது ஒன்றைக் கழற்றினார்கள், துடைத்தார்கள், பறந்தார்கள். "உங்கட குமிழ் எண்டா இது தெரிஞ்சிருக்காது மாமா" என்று கடைசியில் ஒரு வரி. கீழே மஞ்சள் முகம் ஒன்று கண்ணடித்தது.

தோற்றவன் சும்மா இருக்கமாட்டான். எனக்கு என்று ஒரு என்ஜின் முற்றத்தில் நின்றது.

அந்த ஆட்டோவின் அருமை தெரியவேண்டுமானால் எங்கள் நாட்டுக் கதை தெரியவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். ஏறக்குறைய ஐந்து வருடம், 2025 பெப்ரவரி வரை, புது ஆட்டோ இறக்குமதி நின்றுபோனது. பழசு எல்லாம் பொன்னாகியது. நடுவில் 2022, ஆட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் பெற்றோல், அதற்கும் கியூஆர் கோட். வரிசையில் நின்று களைத்துப்போன காலத்தில் என் மைத்துனர், "அத்தான், ஆட்டோவ எனக்குத் தாங்க, நீங்க அத வச்சிருந்து என்ன செய்யப்போறீங்க?" என்று, நான் வாங்கியதற்கு இரு மடங்கு விலை சொன்னார். அன்றிலிருந்து அதற்கு ஒரு தும்மல் வந்தாலும் எனக்குப் பதறும். அந்த ஆடியில், களுவாஞ்சிகுடி போய்த் திரும்பும்போது ஆரையம்பதி தாண்டியதும் அது இழுக்க மறுத்தது. பின்னால் இரும்பு வாசம். என்ஜின் காய்கிறது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்: அளக்க ஒரு காய்ச்சல் கிடைத்துவிட்டது.

வீட்டில் கொரோனாக் காலத்து நெற்றித் துவக்கு ஒன்று இருந்தது. முதலில் அதைத்தான் எடுத்தேன். என்ஜினை நோக்கிப் பிடித்து அமத்தினேன். திரையில் எண் வரவில்லை; எச்சும் ஐயும் வந்தன. 'ஹாய்' என்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு நாள் என்னோடு ஓடிய என்ஜின், ஒரு வணக்கம் சொல்வதில் என்ன? மறுபடி அமத்தினேன், மறுபடி ஹாய். மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது உடம்புச் சூட்டுக்கு உள்ள சாமான். 'கூடிப்போச்சு' எண்டு சொல்லுது. என்னகா இது, இங்கிலீசு படிச்சவர்தானே நீங்க" என்று சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் பெரிய துவக்கு ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கினேன். அது எண் சொன்னது, ஆனால் பொய் சொன்னது. பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டைக் கதிராக வெளியே விடாது. உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டு முகத்தில் காட்டாத பெரிய குடும்பத்து ஆட்கள் மாதிரி. கறுப்பு மை பூசினால் உண்மை வரும் என்றார்கள். என் ஆட்டோவுக்கு நான் கரி பூசுவதா?

கடைசியில் விமானக்காரர் வழிக்கே வந்தேன்: தெர்மோகப்பிள். எங்கள் பாடப்புத்தகத்தில் வெப்பவிணை. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் முறுக்கிச் சூடாக்கினால் மற்ற முனையில் சொட்டு மின்சாரம் வரும் என்று 1821இல் சீபெக் என்பவர் கண்டுபிடித்தார். கே என்று பெயர் வைத்த வகையில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ நாற்பத்தொரு மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சமாக நறுக்கினால் அதில் நாற்பத்தொரு துண்டு. இதைப் படிக்கிற மீற்றர் கொழும்பிலிருந்து தபாலில் வந்தது. உணரிக்கு மருமகன், கழித்துப்போட்ட பழசு ஒன்று இருக்கிறது, பிளக்குக்கு அடியில் வாசர் மாதிரிப் போடுவது என்று, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான்.

விமானப் பிளக்கின் மரை 18 மில்லிமீற்றர். என் ஆட்டோவின் பிளக் மெலிந்த சாதி. அந்த வளையம், கலியாண மோதிரம் சுண்டுவிரலில் கிடந்து சுற்றுவதுபோலச் சுற்றியது. ஒரு செப்பு வாசரை வெட்டி இடைவெளியை நிரப்பி இறுக்கினேன். மீற்றரை முன்னால், ஹாண்டிலுக்குப் பக்கத்தில் பூட்டினேன். உணரியின் வயர் இரண்டு அடி. ஆட்டோவோ பின்னால் என்ஜின் உள்ள வண்டி. ஆகவே வீட்டு மணிக்கு இழுத்த செப்பு வயரில் மிச்சம் இருந்ததை முறுக்கி, டேப் சுற்றி, ஆசனங்களுக்கு அடியால் கொண்டுவந்தேன். மீற்றரில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு ஓட்டை. உணரியில் ஒரு வயர் மஞ்சள், ஒன்று சிவப்பு. சிவப்பு எதில் போடவேண்டும் என்று எங்கள் தெருவில் நாய்க்குட்டிக்கும் தெரியும். பற்றரியில் சிவப்பு பிளஸ், ரேடியோவில் சிவப்பு பிளஸ். போட்டேன்.

அமெரிக்கா செய்யும் தெர்மோகப்பிளில் சிவப்பு மைனஸ்.

ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன். இப்படி மாறிப் போட்டால் மீற்றர் தலைகீழாகக் கணக்குப் பார்க்கும். என்ஜின் காயக் காய எண் இறங்கும். முற்றத்தில் முப்பத்திரண்டு பாகையில் தொடங்கி, என்ஜின் சூடேற ஏற, பூச்சியத்தைத் தாண்டி, நுவரெலியாவின் உறைபனியைத் தாண்டி, சைபீரியாவைத் தாண்டி, வொஸ்தொக்கையும் தாண்டி மைனஸ் 91. இப்போது நிதானமாகக் கணக்குப் போட்டால் உண்மைச் சூடு ஏறத்தாழ 155 என்று வருகிறது. அன்று எனக்கு வந்தது கொப்புளம்.

வயரை மாற்றிப் போட்டேன். இப்போது 120 சொன்னது. நெடுக ஓடினாலும் 130க்கு மேல் போகவில்லை. எனக்கு இந்த எண் மிகவும் பிடித்திருந்தது. மூன்று நாள் நாவற்குடாவுக்கும் பட்டினத்துக்கும் அதைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். வீதியைப் பார்க்கவில்லை என்பதற்கு ஒரு மாட்டின் உரிமையாளர் சாட்சி. பிறகு மருமகனிடம் பெருமையாகச் சொன்னபோது, "வயர நீட்டினீங்களா? எதால?" என்று கேட்டான். சொன்னேன். தலையில் கை வைத்தது வீடியோவில் தெரிந்தது. கே வகைக்கு அதே உலோகத்தில் செய்த நீட்டு வயர்தான் போடவேண்டுமாம். செப்பு சேர்ந்த இடத்தோடு கணக்கு முடிந்துவிடும். அந்த முடிச்சு என்ஜினுக்குப் பக்கத்தில் எழுபது பாகையில் வெந்துகொண்டிருக்க, மீற்றர் முன்னால் முப்பத்தைந்தில் இருந்துகொண்டு முடிச்சும் தன்னைப்போலக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைக்கும். நடுவில் முப்பத்தைந்து பாகை காணாமல் போகும். அதாவது, நான் பிடித்திருந்தது என்று சொன்ன எண், எனக்குப் பிடிக்கவேண்டும் என்றே பிறந்த எண்.

இதற்குள் என்ஜின் மறுபடி இழுக்க மறுத்தது. இனி வழியில்லை என்று கராச்சுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கராச் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வயரையும் மீற்றரையும் மரியாதையாகப் பார்த்தான். "சேர், இது என்ன, மைக்கா?" என்றான். பிறகு ஸ்டார்ட் பண்ணி, ஒரு நீட்டு ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினான்.

எனக்கு மெய்சிலிர்த்தது. என் அப்பா ஒரு முழுநிலா இரவில், கல்லடிப் பழைய பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, சவளின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியை என் காதில் வைத்து, "கேக்குதா மனே, மீன் பாடுது" என்றது இப்படித்தான். அன்று எனக்கு ஏதோ தந்தி அதிர்வதுபோலக் கேட்டது. ஊரிதான் பாடுகிறது, மீனில்லை என்பார் சிலர். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்து, யாழின் சுருதிகளைக் கணக்குப்போட்டு 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்ட விபுலானந்த அடிகள் இருந்தால் இந்தத் தம்பியின் ஸ்க்ரூ ட்ரைவரை வாங்கித் தானும் ஒருமுறை காதில் வைத்துப் பார்த்திருப்பார்.

தம்பி கண்ணைத் திறந்தான். "உள்ளுக்குப் பிழையில்ல சேர். மூச்சு முட்டுது." குனிந்து பின்பக்கத்தைத் திறந்தான். காற்றாடிக்குக் காற்றுப் போகும் வாசலில் இருந்து ஒரு சாக்கை இழுத்தான். யூரியா வந்த சாக்கு. ஒழுங்காக மடித்து, நைலோன் கயிற்றால் நாலு மூலையும் கட்டியிருந்தது. அந்த முடிச்சுகளை நான் அடையாளம் கண்டேன். ஏனென்றால் அவை நான் போட்டவை. கச்சான் தொடங்கிய கிழமை, கடற்கரை மணலும் உப்பும் என்ஜினுக்குள் போகக்கூடாது என்று, பிள்ளைக்கு மப்ளர் சுற்றுவதுபோல, பார்த்துப் பார்த்துக் கட்டினேன்.

"இத ஆரு சேர் கட்டினது?"

"தெரியா மகன். பொடியன்மார் விளையாட்டா இருக்கும்."

கச்சானைப் பற்றி இரண்டு வார்த்தை. மேற்கே மலையில் மழையை இறக்கிவிட்டு, ஈரமில்லாத வெறும் சூட்டோடு எங்கள் பக்கம் சரிந்து வரும் காற்று அது. நிலக்கடலைக்கும் எங்கள் நாட்டில் கச்சான் என்றுதான் பெயர். ஒன்றை நாம் வறுப்போம், மற்றது நம்மை வறுக்கும். அந்தச் சூட்டுக் காற்றைக்கூட என் என்ஜின் ஒரு மிடறு கேட்டிருக்கிறது; நான் சாக்கால் வாயைக் கட்டியிருக்கிறேன்.

இந்தக் கதையை மருமகனிடம் மறைத்திருப்பேன். ஆனால் அதே கிழமை அவனே ஒரு கவலையோடு வந்தான். எட்டுத் தூணும் தெரிகிற பெட்டியில், ஒரு சிலிண்டரின் தலைச்சூடு மட்டும் 415, 420 என்று ஏறிக்கொண்டிருந்ததாம். உணரியை மாற்றினார்கள், பெற்றோல் கலவையைக் கூட்டினார்கள், நாலு பங்காளிகளும் நாலு மாதிரிச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் பார்த்தால், என்ஜினைச் சுற்றிக் காற்றை மறித்துச் செதில்களுக்குள் தள்ளுவதற்கு இருக்கும் றப்பர் பட்டி ஒரு இடத்தில் மடங்கிக் கிடந்தது. காற்று செதிலுக்குள் போகாமல் பக்கத்தால் நழுவிவிட்டது. பட்டியை நிமிர்த்தியதும் சூடு இறங்கியது. அவனுக்குத் தடுப்பு இல்லாமல் காய்ந்தது, எனக்குத் தடுப்புப் போட்டுக் காய்ந்தது. அவன் அதைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான டொலர் பெட்டி. எனக்கு ஒரு ஸ்க்ரூ ட்ரைவரும் ஐந்நூறு ரூபாயும். ஐந்நூறையும் தம்பி வாங்க மறுத்துவிட்டான், சாக்கை மட்டும் கேட்டான்.

மீற்றரை நான் எறிந்துவிடவில்லை. காசு கொடுத்த சாமான். இப்போது அது தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் நாள் நான் உணரியைக் கல்லில் வைத்து, "இப்ப 196, இன்னும் கொஞ்சம்" என்று அறிவித்தேன். மனிசி என்னைப் பார்க்கவில்லை. கையை நனைத்துக் கல்லில் ஒரு உதறு உதறினாள். துளிகள் சொய் என்று சத்தம் போட்டுச் செத்தன. அடுப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மறுபடி உதறினாள்; இந்தமுறை துளிகள் சாகாமல், பாதரசக் குண்டுகள்போல உருண்டு ஓடின. "கூடிப்போச்சு" என்று அடுப்பைத் தணித்தாள். மீற்றரைப் பார்த்தேன்: 207.

கொப்பியைத் திறந்து பார்த்தேன். துளி சாகாமல் உருளத் தொடங்குவதை லைடன்புரொஸ்ட் என்ற ஜெர்மன் வைத்தியர் 1756இல் எழுதிவைத்திருக்கிறார். கீழே ஆவி ஒரு பாய் விரித்துத் துளியைத் தாங்குகிறதாம். கல்லைப் பொறுத்து ஏறத்தாழ 200 செல்சியஸ் பக்கத்தில். விமானிகள் தாண்ட விரும்பாத 400 பாரனைற், 204 செல்சியஸ். எங்கள் குசினியில் முப்பத்தாறு வருடமாக ஒரு என்ஜின் மொனிற்றர் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் மூன்று விலைக்கோரல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன ஞாயிறு மருமகன் தன் திரையைப் படம் பிடித்து அனுப்பினான். கடல்போல ஒன்ராறியோ ஏரிக்கு மேலே, எட்டுத் தூணும் ஒழுங்காக நின்றன. 'உங்கட ஆட்டோ இப்ப எத்தன மாமா?' என்று கேட்டிருந்தான். நான் அப்போதுதான் பட்டினம் போய் வந்து இறங்கியிருந்தேன். மனிசியைக் கூப்பிட்டேன். சலித்துக்கொண்டு வந்து, கையை நனைத்து என்ஜினில் ஒரு உதறு உதறினாள்.

'சொய்' என்று பதில் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான், அது பாரனைற்றா செல்சியஸா என்று.